நித்தம் நித்தம் வந்த சோதனை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குடியிலிருந்து விடுபட்ட சகோதரர்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கும் சொல்லத் தைரியம் வந்தது. நான் குடித்ததில்லை. என்னைப் பிடித்தது ஆன்லைன் ரம்மி.

ஊர் பாளையங்கோட்டை. 2020 ஊரடங்கில் வேலை பார்த்த கடை பூட்டிக் கிடந்தபோது பொழுதுபோகாமல் ஆரம்பித்தேன். முதல் வாரமே 1,200 ரூபாய் ஜெயித்தேன், அதுதான் வினை. மூன்று வருஷத்தில் மனைவியின் நாலு பவுன் செயின் அடகில் மூழ்கியது, மகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று அண்ணனிடம் பொய் சொல்லிக் கடன் வாங்கினேன். கோயிலில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும் நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிரும், 500 ரூபாய் போனஸ் என்று.

அழுது ஜெபித்தேன், ஆப்பை அழித்தேன், உபவாசம் இருந்து, இனி ஆடமாட்டேன் என்று பொருத்தனைகூடப் பண்ணினேன். பத்து நாள் தாங்கும், அப்புறம் ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கினதும் மறுபடி இறக்கிவிடுவேன். "ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துப்போடும்" என்பதுதான் என் ஜெபமே. அவர் எடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2023 கடைசியில் ஊசிக்கோபுரம் சர்ச் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் சபை ஊழியர் உபதேசியார் ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. பைபிளில் ஆதியாகமம் 39-ஐ எடுத்து, எஜமான் போத்திபாரின் மனைவி அடிமையாயிருந்த யோசேப்பிடம் தன்னோடு பாவம் செய்யச் சொல்லி "நித்தம் நித்தம்" பேசினாள் என்கிற பத்தாம் வசனத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். "பாத்தியா தம்பி, யோசேப்புக்கே சோதனை ஒரு நாளோட நிக்கல. கடைசியில அவன் அங்க நின்னு வாதாடிட்டு இருக்கல, துணிய அவ கையிலயே விட்டுட்டு ஓடிட்டான். நீ ராத்திரி பதினொரு மணிக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டு ஜெயிக்கணும்னு நெனைக்க. ஓடணும்ப்பா."

சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்ற 1 கொரிந்தியர் 10:13 எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே தொங்கியது. அந்தப் போக்கு என் மனைவியின் கையில் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன். அழுதாள், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் போனை வாங்கி அடுப்படியில் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள், இன்றுவரை ராத்திரியில் அதற்கு அதுதான் இடம். சம்பளமும் அவள் கணக்கில்தான் விழுகிறது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆனாலும் தெரியாத நம்பர்களிலிருந்து லிங்க் வருகிறது, மனசும் சும்மா இருப்பதில்லை. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசு "சிலகாலம்" விலகிப்போனான் என்றுதான் லூக்காவும் எழுதுகிறார். ஆசை திரும்ப வந்ததாலேயே கர்த்தர் உங்களைக் கைவிட்டார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், அந்த நினைப்பிலேயே நான் மூன்று வருஷத்தைத் தொலைத்தேன்.

போன வியாழக்கிழமை மனைவியும் பிள்ளையும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும், என்னை அறியாமல் அடுப்படியில் நிற்கிறேன், கை டிரம் மூடிமேல் இருக்கிறது. "இயேசுவே" என்று மட்டும்தான் வாயில் வந்தது. செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஐயா வீட்டுக் கதவைத் தட்டினேன். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே கதவைத் திறந்தவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உள்ள வா தம்பி" என்று பாயை விரித்தார்.