முட்டையில் ஊசி குத்தி என்னத்தைக் கண்டார்கள்?

மீன்தொட்டி மணியம் (சுங்கை சிப்புட்):
போன வாரம் நம் ஊர் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருவர் பேசினார். ஸீப்ரா மீனின் முட்டைக்குள் கண்ணாடி ஊசியால் மருந்து ஏற்றும் வீடியோ காட்டினார். கடையில் மலிவாக விற்கிற அதே கோடு போட்ட மீன்தான். பழைய ஈயக்குட்டைகளில் மீன் வளர்க்கும் நம் பேராக்காரர்கள் ஜோடி சேர்த்தே எத்தனையோ நிறம் எடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு முட்டையைக் குத்திக் குத்திச் சாகடிக்க வேண்டும்?

செவ்வந்தி:
அண்ணே, நான் அப்படிப்பட்ட ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஜோடி சேர்த்தால் நிறம் கிடைக்கும். எந்த மரபணு அதைச் செய்தது என்று தெரியாது. ஸீப்ரா மீனில் ‘கோல்டன்’ என்று கோடு வெளுத்த ரகம் உண்டு. அதற்குக் காரணம் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணு என்று 2005-இல் கண்டார்கள். பழுதில்லாத மரபணுவின் ஆர்என்ஏவை, அதாவது அதன் செய்தியைச் சுமக்கும் நகலை, அந்த ரகத்தின் முட்டைக்குள் ஏற்றினால் கருமை திரும்பியது. மனிதனுடையதை ஏற்றினாலும் திரும்பியது! ஐரோப்பியரின் வெளுப்புக்கும் அந்த மரபணுவில் வந்த மாற்றம் ஒரு காரணம். தெற்காசியரில் ஒருவர் சிவப்பு, ஒருவர் கறுப்பு என்பதிலும் அதற்குப் பங்குண்டு. பெண் பார்க்கப் போய் நிறம் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முந்தின மாலை ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டையிடும். டீ வடிகட்டியில்தான் அள்ளுவோம், விளையாட்டில்லை. முட்டை ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். 28.5 டிகிரியில் முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிவிடும்; அதற்குள் ஏற்றியாக வேண்டும். அகரோஸ் என்ற கெட்டிக்கூழ்ப் பாளத்துப் பள்ளங்களில் முட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு நானோலிட்டர். சிவப்புச் சாயம் கலப்பதால் உள்ளே போனது கண்ணுக்குத் தெரியும். முட்டை செத்தால் எங்கள் அன்றைய பொழுதும் போச்சு. யாரும் வேண்டுமென்று சாகடிப்பதில்லை.

சந்தேகப் பிராணி:
நிறக் கதையை எல்லாரும் சொல்வார்கள், மற்றதையும் சொல்லுங்கள். ஒரு மரபணுவின் செய்தியை மறித்து, அது இல்லாவிட்டால் கருவில் எது கெடும் என்று பார்க்க 2000-இல் மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறு இந்த மீனுக்கு வந்தது. ஆளாளுக்கு ஏற்றினார்கள், ஆளாளுக்குக் கட்டுரை எழுதினார்கள். 2015-இல் மரபணுவையே கெடுத்த மீன்களோடு ஒப்பிட்டால், மார்ஃபோலினோ காட்டிய கோளாறுகளில் சுமார் 80 விழுக்காடு அவற்றில் இல்லை. மருந்தின் நச்சை மரபணுவின் குணமென்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

செவ்வந்தி:
அதே 2015-இல் வந்த இன்னோர் ஆய்வை விட்டுவிட்டீர்களே. ரத்தக்குழாய் வளர்ச்சியில் வரும் ஈஜிஎஃப்எல்7 மரபணுவைக் கெடுத்த மீனில் வேறு மரபணுக்கள் கூடுதலாக உழைத்துக் குறையை மூடிவிடுகின்றன. மார்ஃபோலினோ ஏற்றிய கருவில் அந்த ஈடுகட்டல் இல்லை. மரபணு கெட்ட மீனிலேயே மார்ஃபோலினோவையும் ஏற்றிப் பார்த்தார்கள். வெறும் நச்சு என்றால் அங்கேயும் அதே அளவு கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை.

சந்தேகப் பிராணி:
அது ஒரு மரபணு. 80 விழுக்காட்டுக்கும் அதுவே பதிலா? மரபணுவையே வெட்டிக் கெடுக்கும் கிறிஸ்பர் கருவி 2013 முதல் இந்த மீனில் இருக்கிறது. கெடுத்து, வளர்த்து, அடுத்த தலைமுறையில் பாருங்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சோம்பல்.

செவ்வந்தி:
கிறிஸ்பரையும் அதே ஊசியால் அதே ஒரு செல் முட்டையில்தான் ஏற்றுகிறோம். ஊசி போட்ட மீனில் செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும் என்பதால் அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கத்தான் செய்கிறோம்.

ஆனால் கோளாறு அந்தச் செல்லுடையதா, பக்கத்துச் செல்லுடையதா என்பது கெடுப்பதால் மட்டும் தெரியாது. அதற்கு ஒரு கருவின் செல்லை இன்னொரு கருவுக்குள் இடம் மாற்றி, கோளாறு கூடவே போகிறதா என்று பார்க்க வேண்டும். கருவின் உறையை மெல்லிய இடுக்கிகளால் கிழிப்போம், இல்லாவிட்டால் ப்ரோனேஸ் நொதியில் ஊறவைத்து உரிப்போம். உரித்த இளங்கரு காற்றுப் பட்டால் வெடிக்கும், வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கிழியும். அதனால் தட்டில் அகரோஸ் பூசி, தண்ணீருக்குள்ளேயே வைத்து, சாயமேற்றிய கருவிலிருந்து சில செல்களை உறிஞ்சி இன்னொன்றில் வைப்போம்.

பால்மரத்தடி அக்கா:
கை நேர்த்தியெல்லாம் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விதிப்படி, குஞ்சு தானாக இரை தின்னத் தொடங்கும்வரை, அதாவது சுமார் ஐந்து நாள்வரை, அது ஆய்வு விலங்குக் கணக்கிலேயே வராது. ஆனால் ஒரே நாளில் இதயம் துடிக்கிறது, மூன்றாம் நாள் தொட்டால் ஓடுகிறது. தின்னாத உயிர் உயிரில்லையா?

செவ்வந்தி:
ஓடும் வயதுக் குஞ்சை ட்ரிகேன் மயக்க மருந்து கலந்துதான் தொடுவோம் அக்கா. அந்த ஐந்து நாள் வரம்பு வசதிக்காகப் போட்டது என்றால் முழுக்க மறுக்கமாட்டேன். எலியில் இதையே பார்க்கப் போனால் தாயைக் கொன்றுதான் கருவை எடுக்க வேண்டும்.

பால்மரத்தடி அக்கா:
எலிக்கு அதைவிட மோசமாகச் செய்கிறீர்கள் என்பது மீனுக்குப் பதில் ஆகாது தங்கச்சி.

மீன்தொட்டி மணியம்:
நான் அக்கா பக்கம்தான். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் தொட்டியில் முட்டையைத் தாய் தகப்பனே தின்றுவிடுகின்றன. அங்கே எப்படி?

செவ்வந்தி:
தொட்டிக்குள் சல்லடை போட்ட அடித்தட்டு வைப்போம் அண்ணே. முட்டை ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடும், மீன் வாய் எட்டாது. வீட்டில் கோலிக்குண்டைப் பரப்பினாலே போதும்.