அப்பாவுக்குத் தெரிந்த கடல் பார்களைக் குறித்துவைக்க எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கடியபட்டணத்திலிருந்து:
அப்பாவுக்கு 68 வயது. கரை அடையாளங்களை வைத்தே கடலுக்கடியில் முப்பது பார்களை, அதாவது மீன் தங்கும் பாறைத் திட்டுகளைக் கண்டுபிடிப்பார். கோயில் கோபுரம் மலையின் எந்த முடிக்கு நேராக வர வேண்டும், அப்போது முட்டம் கலங்கரை விளக்கம் எந்தத் தோப்பை ஒட்டி நிற்க வேண்டும் என்று பார்ப்பார். இரண்டும் சேர்ந்ததும் நங்கூரம் போடச் சொல்வார். கீழே கலவாயும் விளமீனும் கிடக்கும். மலையை மழை மூடிவிட்டால் மட்டும் அவருக்கும் வழியில்லை. முழங்கால் வலியால் இனி அதிக நாள் கடலுக்கு வர மாட்டார். அவர் வள்ளத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் குறித்துவிட வேண்டும். கைப்பேசி போதுமா, தனிக் கருவி வாங்க வேண்டுமா?

குளச்சலிலிருந்து:
இரண்டு வருடம் கைப்பேசியை உறையில் போட்டுக் கொண்டு போனவன் நான். டவர் இல்லாத இடத்திலும் அது இருப்பிடம் காட்டும், உண்மைதான். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கை நனைந்திருந்தால் தொடுதிரை கேட்காது. மழைத்துளி விழுந்தால் தானாக ஏதாவது திறந்துகொள்ளும். ஒரு நாள் கணவாய் மீன் நன்றாகக் கிடைத்த இடத்தைக் குறிக்கலாம் என்று திரையைத் துடைத்து முடிப்பதற்குள் நீரோட்டம் வள்ளத்தை வெகுதூரம் தள்ளிவிட்டது. பொத்தான் உள்ள கருவியை வாங்குங்கள்.

தூத்தூரிலிருந்து:
தம்பி, எந்தக் கருவி வாங்கினாலும் முதல் வேலையாக அது இருப்பிடத்தின் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) எந்த வடிவில் காட்டுகிறது என்று பாருங்கள். எனக்கு அரை நாள் வேலை வீணானது அதனால்தான். அண்ணன் வயர்லெஸில் “8 டிகிரி, 05.30” என்று சொன்னார். அவர் கருவியில் அது 5 நிமிடமும், ஒரு நிமிடத்தில் நூற்றுக்கு 30 பங்கும். என் கருவியோ நிமிடம், விநாடி என்று வைத்திருந்தது. நான் 5 நிமிடம் 30 விநாடி என்று அடித்தேன். 30 விநாடி என்றால் அரை நிமிடம், 5.30 அல்ல, 5.50. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆகவே நான் 370 மீட்டர் வடக்கே, வெறும் சேற்றில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வள்ளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தது.

டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற வடிவில் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களுக்குத் தரும் எண்ணையும் வடிவம் பார்த்தே அடியுங்கள். இன்னொன்று: இந்தக் கருவி ஆழத்தைக் காட்டாது. அதற்கு எக்கோ சவுண்டர் தனியாக வேண்டும்.

மணக்குடியிலிருந்து:
என் கருவி கையிலிருந்து நழுவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை நீருக்குள் இறங்கிப் போனது. பணத்தைவிட அதில் இருந்த 40 குறிகளை நினைத்துத்தான் பல இரவுகள் தூக்கம் வரவில்லை. கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் ஜிபிஎஸ்மேப் 78, 86 வரிசை மிதக்கும். அதே நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் சிறியது, விலை குறைவு, ஆனால் மிதக்காது. கயிறும் மிதவையும் கட்ட வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தண்ணீர் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருள் அல்ல. கரை ஏறியதும் எண்களை நோட்டில் எழுதிவிடுங்கள்.

கீரிப்பாறையிலிருந்து:
நான் மலைக்காரன், காட்டில் நடப்பதற்காக வாங்கினேன். அடர்ந்த மரநிழலில் எந்தக் கருவிக்கும் துல்லியம் குறையும். மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நாம் நடக்கும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும். நின்றால் அம்புக்குறியை நம்ப முடியாது. ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் அந்தத் திசைகாட்டி இல்லை, 32எக்ஸில் இருக்கிறது. இஞ்சினை நிறுத்தி வள்ளம் மிதக்கும்போது உங்களுக்கும் இது தேவைப்படும்.

இரவிபுத்தன்துறையிலிருந்து:
வளைகுடாவில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்குவதாக இருந்தால் கவனம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வகைக் கருவிகளை உரிய அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் வழக்கு வரும். இருப்பிடம் மட்டும் காட்டும் சாதாரண ஜிபிஎஸ்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும், நம் குரலைக் கரைக்குக் கொண்டுபோகாது. 2017 நவம்பரில் ஓகி புயல் அடித்தபோது, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தும் கரைக்குச் சொல்ல வழியில்லாமல் தவித்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. வயர்லெஸும் ஆபத்து எச்சரிக்கைக் கருவியும் தனியாக வேண்டும். கடலோரக் காவல்படை எண் 1554.

கடியபட்டணத்திலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. மிதக்கும் வகையில், பொத்தான் உள்ளதாக, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவதாக ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை அப்பாவோடு போய் 11 பார்களைக் குறித்தோம். நங்கூரம் போட்டு நின்ற பிறகே பொத்தானை அழுத்தினேன். கருவி 001, 002 என்று தானாகப் பெயர் வைத்தது. அப்பா அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு பாருக்கும் தாத்தா காலத்துப் பெயரைச் சொல்லி, நான் ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதில் நான்கு பெயர்களை நான் அன்றுதான் முதல் முறை கேட்கிறேன். இன்னும் 19 இருக்கின்றன. ஜூன் மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.