வலது கால் கிளீட் கழல மாட்டேங்குது, அவசரம்

வெட்டாறு_வீல்
கிளிப்லெஸ் பெடல் புதுசு, அதான் ஷூவுக்கு அடியில போல்ட் போட்ட கிளீட்ங்கிற சின்னத் துண்டு பெடல்ல பூட்டிக்கிற வகை. மாட்டுறது ஈஸியா இருக்கு, வலது கால் மட்டும் கழட்டவே வரலை. இடது பிரச்சினை இல்லை. ரெண்டு தடவை விழுந்தாச்சு. ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியா கல்லணை போறோம். அதுக்குள்ள சரி பண்ணணும். என்ன செய்யலாம்?

மூணாம்_கியர்
என்ன பெடல்? ஷூவுக்கு அடியில ரெண்டு போல்ட்டா மூணு போல்ட்டா? கிளீட் என்ன கலர்? டென்ஷன், அதாவது பெடல் கிளீட்டைப் பிடிக்கிற இறுக்கம், எவ்வளவு வச்சிருக்கீங்க? இதெல்லாம் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது ப்ரோ.

குடமுருட்டி_ரைடர்
டென்ஷன்தான், வேற ஒண்ணும் இல்லை. பெடலுக்குப் பின்னாடி சின்ன ஸ்க்ரூ இருக்கும். இடஞ்சுழியா, அதாவது மைனஸ் பக்கம், முழுசா லூஸ் பண்ணிடுங்க. ரெண்டு பக்கமும் மாட்டுற பெடல்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஸ்க்ரூ. ரெண்டு பெடலுக்கும் சேர்த்து நாலு. ஒரு பக்கம் மட்டும் லூஸ் பண்ணிட்டு மறுபக்கத்துல மாட்டுனா பழைய இறுக்கம்தான் இருக்கும்.

பழைய_செயின்
இதே கேள்விக்கு இங்க ஏற்கெனவே பல தடவை பதில் சொல்லியாச்சு தம்பி, தேடிப் பார்த்துட்டுக் கேக்கலாம். பெடலைப் போட்ட வாரமே லாங் ரைடு போகக் கூடாது. சுவரை ஒரு கையால பிடிச்சு சீட்ல உக்காந்து, ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது தடவை மாட்டிக் கழட்டணும். காலை மேல தூக்கக் கூடாது, பின்னால இழுக்கவும் கூடாது. பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை மட்டும் வெளிப்பக்கம் திருப்பணும். நிக்கப் போற இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னாடியே கழட்டிடணும். பதற்றத்துல எல்லாரும் மேல இழுக்குறாங்க, அதான் விழுறாங்க.

வெட்டாறு_வீல்
ரெண்டு போல்ட். கறுப்பு கிளீட். டென்ஷன் நாலையும் முழுசா லூஸ் பண்ணிட்டேன். அப்பவும் அதேதான்.

மூணாம்_கியர்
ரெண்டு போல்ட், கறுப்புன்னா அனேகமா ஷிமானோ எஸ்எச்51 கிளீட் மாதிரி. அது பக்கவாட்டுல திருப்புனா மட்டும்தான் கழலும். வெள்ளி நிறத்துல வர்ற எஸ்எச்56 வாங்குங்க, கொஞ்சம் சாய்வா இழுத்தாலும் விட்டுடும். புதுசா பழகுறவங்களுக்கு அதுதான் சரி.

குடமுருட்டி_ரைடர்
அதுக்கு ரோடு பெடலே போட்டிருக்கலாம். ஷிமானோவோட மூணு போல்ட் ரோடு வகையான எஸ்பிடி-எஸ்எல்ல மஞ்சள் கிளீட்டுக்கு 6 டிகிரி ஆட்டம் (கழலாமலே கால் திரும்புற அளவு), நீலத்துக்கு 2, சிவப்புக்கு ஆட்டமே கிடையாது. மஞ்சள்ல ஆரம்பிச்சா முட்டிக்கும் நல்லது.

மூணாம்_கியர்
நம்ம ஊர்லயா? ஆத்தங்கரைப் பாதையில ஒரு தடவை கால் ஊனுனா அந்தப் பெரிய பிளாஸ்டிக் கிளீட் முழுக்கக் களிமண் அப்பிக்கும், அப்புறம் மாட்டவே முடியாது. அறுவடை நேரத்துல ரோட்டுல நெல்லும் வைக்கோலும் காயும். ஊருக்கு ஊர் நிறுத்தி இறங்கி நடக்கணும். ரெண்டு போல்ட் கிளீட் ஷூ அடிக்குள்ள பதிஞ்சிருக்கும், நடக்கலாம்.

வண்டல்_வழி
தம்பி, எல்லாரும் இடதை மறந்துட்டாங்க. இடது சரியாக் கழலுதுன்னா திருப்புற முறை உங்களுக்கு வந்துடுச்சு. பழக்கக் குறைவா இருந்தா ரெண்டு காலும் மாட்டிக்கும். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க: வலது குதிகாலைத் திருப்பும்போது கெட்டியாத் தடுக்குதா, இல்லை ஷூ வழவழன்னு திரும்பிட்டே போகுதா?

தடுத்தா டென்ஷன், மண், இல்லைன்னா ஷூவோட ரப்பர் அடி பெடல்ல இடிக்குது. தடுக்காமத் திரும்புனா கிளீட் போல்ட் லூஸ், இல்லை ஒண்ணு விழுந்துடுச்சு. ஒரே போல்ட்ல நிக்கிற கிளீட், அந்தப் போல்ட்டையே அச்சா வச்சு சுத்தும். ஷூ திரும்பும், கிளீட் பெடலுக்குள்ளயே நிக்கும். எவ்வளவு லூஸ் பண்ணுனாலும் கழலாது.

இப்ப ஷூ மாட்டியிருந்தா முதல்ல லேஸை அவிழ்த்துக் காலை வெளிய எடுங்க. ஒருத்தர் சைக்கிளைப் பிடிக்கட்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரால பின்பக்க ஸ்பிரிங் கொக்கியைப் பின்னால தள்ளிக்கிட்டே ஷூவோட குதியை மேல தூக்குங்க, வந்துடும்.

பழைய_செயின்
இடது கால் கழலுதுல்ல, அது போதும். நம்ம ரோட்டுல இடது காலைத்தான் ஊனணும், வலதுல லாரி வரும்.

குடமுருட்டி_ரைடர்
வாய்க்கால் கரையில அது ஆபத்துண்ணே. இடது ஓரம் அரிச்சுப் போய் சரிஞ்சிருக்கும். ஊனுன கால் அரையடி கீழ போகும், வண்டியோட உள்ள விழணும்.

பழைய_செயின்
அதுக்கு ஓரத்துல இருந்து ஒரு அடி உள்ள தள்ளி நிக்கணும். வலதை ஊனுறதுக்கு அது காரணம் ஆகாது.

குடமுருட்டி_ரைடர்
ஒத்தை வண்டி அகலத் தார் ரோட்டுல பின்னாடி பஸ் வந்தா ஒரு அடி உள்ள எங்க நிக்கிறது? ரெண்டு காலும் பழகியிருக்கணும்.

வண்டல்_வழி
எந்தக் காலைக் கழட்டுனீங்களோ அந்தப் பக்கம் உடம்பு சாயணும். இடதைக் கழட்டிட்டு வலது பக்கம் சாஞ்சா மாட்டுன காலோட விழுவீங்க. ஒரு கால் கழலாத வண்டியில ரோட்டுக்கே போகாதீங்க. வெட்டாறு, பார்த்தீங்களா?

வெட்டாறு_வீல்
வழவழன்னுதான் திரும்புச்சு. ஸ்க்ரூடிரைவர் வச்சு எடுத்துட்டோம். ஒரு போல்ட்டே இல்லை, இன்னொண்ணு ஆடுது. நன்றிண்ணே.

வண்டல்_வழி
புதுப் போல்ட் போடும்போது மரையைத் துடைச்சு லேசா கிரீஸ் தடவுங்க, நம்ம ஈரத்துக்குத் துரு பிடிச்சா அப்புறம் கழட்ட முடியாது. 4 மி.மீ. அலன் கீ. ரெண்டையும் மாத்தி மாத்தி, 5லிருந்து 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கணும். இறுக்கத்தை அளக்குற டார்க் ரெஞ்ச் இல்லைன்னா சின்ன அலன் கீயைக் கையால நல்லா இறுக்குனாப் போதும், குழாய் மாட்டி நெம்பாதீங்க. 30 கி.மீ. ஓட்டுனதும் மறுபடி இறுக்கிப் பாருங்க. பழைய இடத்துலயே கிளீட்டை வைக்க, ஷூ அடியில பதிஞ்ச தடத்தைப் பாருங்க, கோணம் மாறுனா முட்டி வலிக்கும்.

மூணாம்_கியர்
இடது ஷூவையும் இறுக்கிப் பார்த்தீங்களா? ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கைதானே மாட்டியிருக்கும்.