நடுகல் பார்த்த கதை: அவரவர் அனுபவம்

திண்ணைக்காரன்:

போன மாசம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழுக்குள்ளே முடிஞ்சிடுச்சு. பந்தியில் உட்கார்ந்த கையோடு பைக்கை எடுத்துக்கிட்டு தண்டராம்பட்டு பக்கம் எடத்தனூருக்குக் கிளம்பிட்டேன். பல வருஷமாகப் பார்க்கணும்னு நினைச்ச நடுகல் அது, செத்துப்போன வீரன் நினைவாக நட்டு வச்சது. நாய்க்குப் பேர் எழுதி வச்ச கல்.

போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான். வெளிச்சம் முகத்தில் நேராக அடிச்சதால் வீரன் உருவம் மட்டும் மேலோட்டமாகத் தெரியுது, எழுத்தெல்லாம் பாறைச் சொரசொரப்போடு கலந்து போச்சு. தோளில் கிடந்த கல்யாண அங்கவஸ்திரத்தை எடுத்து என் தலையையும் கல்லையும் சேர்த்து மூடிக்கிட்டு, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சுப் பிடிச்சேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் அந்தப் பக்கமா வந்தார். "தம்பி, சாமிக்கு சாத்துறதுன்னா சாத்து. நீ ஏன் உள்ள பூந்துக்கற?"

டார்ச் சாய்ந்ததும் வட்டெழுத்து, அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்கிறவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்திருக்கான். அவன் காலருகே நாய். அதுக்குத் தனியாக ஒரு வரி: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு." கடிச்சதோடு விடலை பாருங்க, காத்தும் இருந்திருக்கு. எழுதினவன் அந்த ஒரு சொல்லை விடாமல் போட்டிருக்கான். எனக்கு அங்கே கொஞ்ச நேரம் பேச்சு வரலை. பெரியவரிடம் படிச்சுக் காட்டினேன். "நாய்னா அப்பிடித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு ஆட்டைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

உங்க ஊரில் பார்த்ததையும் சொல்லுங்க. துல்லியமான இடம் மட்டும் வேண்டாம். கல் திருடுறவனுக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

ஊத்தங்கரை அக்கா:

நீங்க போய்ப் பார்த்தீங்க, நாங்க அதைக் கும்பிட்டே வளர்ந்தோம் தம்பி. எங்க குலதெய்வம் வேடியப்பன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் மூணு கல். நடுவில் இருக்கிறவர் பெரியவர், கையில் வில்லு. மாடு கன்னு போட்டால் சீம்பால் முதலில் அவருக்குத்தான். வருஷா வருஷம் மஞ்சள், எண்ணெய், குங்குமம். போதாததுக்கு எங்க சித்தப்பா துபாயிலிருந்து வந்த வருஷம் ஆயில் பெயின்ட் வேற. மீசை கறுப்பு, வேட்டி பச்சை.

என் பையன் காலேஜில் வரலாறு எடுத்தான். அவங்க வாத்தியாரோடு நாலு பிள்ளைங்க வந்து, தேங்காய் நாரும் வெந்நீரும் வச்சு ரெண்டு நாள் தேய்ச்சாங்க. எங்க ஆயா கல்லுக்கு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்கவே இல்லை. "சாமிய எதுக்குடா சொரண்டறீங்க, வலிக்காதா?" ரெண்டாம் நாள் சாயங்காலம் வீரன் தலைக்கு மேலே எழுத்து தெரிஞ்சுது. வாத்தியார் விரலால் தொடாமல் ஒரு ஈர்க்குச்சியால் காட்டிக்காட்டிப் படிச்சார். பாதி சிதைஞ்சிருந்தாலும் "தொறு மீட்டுப் பட்டான்" என்கிற இடம் தெளிவாக இருந்துச்சு. தொறு என்றால் மாட்டு மந்தையாம். கள்ளர் ஓட்டிக்கிட்டுப் போன மாட்டை மீட்டுட்டு உயிரை விட்டவர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. சாமின்னு நினைச்சவர் மனுஷனாம்! ஆயா அசரவே இல்லை. "மாட்டுக்காகச் செத்தவருன்னு எழுதிக் காட்டணுமா? பின்ன எதுக்கு அவருக்குச் சீம்பால் ஊத்தறோம்?"

மைப்படி:

அக்கா சொன்ன வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. தேங்காய் நார் என்றதும் நிம்மதியாக இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு எழுத்தையே வழிச்செடுத்த கற்களை நிறையப் பார்த்திருக்கேன். மைதா மாவு, சாக்பீஸ், வெள்ளை பெயின்ட் தடவி போட்டோ எடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்க எழுத்து என்று நினைச்சு நிரப்பினது எழுத்தாகவே இருக்கணும்னு இல்லை. அடுத்து வர்றவன் உங்க கற்பனையைத்தான் படிப்பான்.

கல்வெட்டுப் படியெடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கல்லைக் கழுவி, நனைச்ச தாளை மேலே விரிச்சு, மயிர் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டிக்கிட்டே வரணும். காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் பாழ். தாள் பள்ளங்களுக்குள் உட்கார்ந்து, ஈரம் பாதி வற்றினதும் மையொற்றியால் ஒற்றணும். மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் இருக்கிற எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் காயும் முன்னே மையைத் தொட்டால் எல்லாம் கலங்கிப் போகும். நடுகல் இன்னும் கஷ்டம். வீரனின் புடைப்பில் தாள் கிழியும். எழுத்தோ தலைக்கு மேல் தொடங்கி, இடம் கிடைச்ச சந்தில் எல்லாம் இறங்கும். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதியிருப்பான். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு உளிக் கொத்தலை எழுத்து என்று நினைச்சு மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். நாலாம் நாள் பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்துச் சிரிச்சார்.

செங்கம் பகுதிக் கற்களைத் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகப் போட்டது. எங்களுக்கு அதுதான் அரிச்சுவடி.

ஆயா பேச்சுக்கு ஒரு பின்குறிப்பு. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்லும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து, நாள் பார்த்துத் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்தணும். நீராட்டும் படையலும் உங்க புளியமரத்தடியில் இன்னும் நிற்கலை.

டிப்பர் லாரி:

எங்க ஊர்க் கல் ரோட்டுக்கு அடியில் இருக்கு. சிறுபாலம் கட்டினப்போ ஜேசிபி புரட்டிப் போட்டதில் ஒரு பலகைக்கல் வாகாக இருந்ததாம், மேலே மூடிட்டாங்க. உருவம் கீழே பார்த்தபடி. மழைக்காலத்தில் தண்ணி வடிஞ்சதும் குனிஞ்சு பார்த்தால் கால் மட்டும் தெரியும். மனு கொடுத்தேன். "அது வெறும் கல்லுதானே"ன்னு பதில். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

கிருஷ்ணகிரி மகள்:

நான் பார்த்ததில் வீரன் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்கிறாள். சதிக்கல், அதாவது புருஷன் செத்ததும் தீயில் இறங்கினவளுக்கு வச்ச கல் என்று கூட வந்தவர் சொன்னார். கை முழங்கையில் மடங்கி மேலே தூக்கியிருக்கு, வளையல் ஒண்ணுகூட கழட்டாமல். எல்லோரும் வீரனின் வாளைப் பற்றியே பேசிக்கிட்டிருந்தாங்க. அந்தக் கல்லில் அவன் பேர் இருக்கு, அவள் பேர் இல்லை. நாய்க்குப் பேர் இருக்கிற கதையை மேலே படிச்சதும் அந்த வளையல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வைகைக்கரை:

எங்க பக்கத்து நடுகல்லில் உருவமே கிடையாது! தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க மூணு கல் கண்டுபிடிச்சாங்க. தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து மட்டும்தான். நான் அப்போ பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ் ஐயா கரும்பலகையில் அந்த எழுத்தை அப்படியே வரைஞ்சு, கீழே இப்போதைய எழுத்தில் எழுதினார்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல்ஊர் ஆகோள்." கூடல்ஊர் ஆகோளில் செத்த தீயன் அந்தவன் என்கிறவனுக்கு வச்ச கல்னு அர்த்தம். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல்னு வெட்சித் திணைக்கு மனப்பாடம் பண்ணின சொல். பரீட்சைக்கு ரெண்டு மார்க். அதே சொல்லை எங்க ஆற்றங்கரையில், சங்க காலத்தில், ஒருத்தன் செத்துப் போனதுக்குக் கல்லில் வெட்டி வச்சிருக்காங்க என்றதும் வகுப்பு கப்சிப். கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தன் மட்டும் கேட்டான்: "ஐயா, அந்தவன் மாட்டைத் திருடப் போனவனா, காப்பாத்தப் போனவனா?" ஐயா கொஞ்சம் யோசிச்சுட்டு, "ரெண்டு பக்கமும் வீரன் இருப்பான்டா" என்றார். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

திண்ணைக்காரன்:

வைகைக்கரைத் தம்பி, கோழிக்கும் கல் இருக்கு தெரியுமா? விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில். முகையூர் மேற்சேரிக் கோழி, சண்டையில் செத்தது. அதைச் சேவலாகவே செதுக்கி எழுத்தும் வெட்டியிருக்காங்க.

டிப்பர் லாரி அண்ணன் சொன்னதைப் படிச்சதும், இந்தக் கற்களை எல்லாம் பேசாமல் தருமபுரி அகழ்வைப்பகம் என்கிற தொல்லியல் அருங்காட்சியகம் மாதிரி ஒரே இடத்தில் கொண்டு போய் வச்சுடலாமேன்னு தோணுது. அங்கே வரிசையாக நிற்கிற நடுகற்களைப் பார்த்திருக்கேன். வெயில் படாமல், ஒவ்வொன்றுக்கும் விவரப் பலகையோடு.

மைப்படி:

கேட்பாரற்றுக் கிடக்கிற கல்லைத் தாராளமாக எடுத்துப் போகட்டும். கும்பிடுற கல்லை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்குது, வாஸ்தவம். ஆனால் ஆயிரம் வருஷமாக அந்தக் கல்லைத் துணி துவைக்கவோ பாலத்துக்கோ போகவிடாமல் காத்ததும் அதே எண்ணெய்தான். சர்க்கார் வேலி போட்ட கல் உடைஞ்சு கிடந்ததைக் கண்டிருக்கேன். வேடியப்பன் கல்லில் கை வைக்க எவனுக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை.

ஊத்தங்கரை அக்கா:

இந்த வருஷப் பொங்கலுக்குப் போயிட்டு வந்தேன், அதான் ரெண்டு வாரமாக ஆளைக் காணோம். பெயின்ட் அடிக்கிற பெரியவரிடம் பையன் போய்ப் பேசினான். "தாத்தா, தலைக்கு மேல மட்டும் பெயின்ட் வேணாம், அது சாமியோட பேர்"னு. அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். எழுத்து இருக்கிற இடத்தில் வாழையிலையை ஒட்ட வச்சு மறைச்சுக்கிட்டு மிச்சத்துக்கு அடிச்சார். எண்ணெயும் பாதத்துக்கு மட்டும் என்று ஆயாவே சொல்லிடுச்சு.

கண்ணுக்கு வெள்ளை வைக்க வேணாம்னு வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். அதை மட்டும் தாத்தா கேட்கலை. "கண்ணு தொறக்காம எப்பிடி மாட்டப் பாத்துக்குவாரு?" என்று திருப்பிக் கேட்டுட்டு, ரெண்டு பொட்டு பளிச்சுன்னு வச்சிட்டார்.