சுவருக்குள் எச்டிஎம்ஐ: கேபிளை வைத்துப் பூசுவதா, குழாய் போடுவதா?

புதுமனை கோவை:
வணக்கம். கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடியில் 20 அடிக்கு 13 அடி அறை ஒன்றைத் திரையரங்க அறையாக ஒதுக்கியிருக்கிறேன். கூரை கான்கிரீட் முடிந்துவிட்டது; அடுத்த வாரம் பூச்சு வேலை தொடங்குகிறது. முன்சுவரில் 120 அங்குலத் திரை. அதன் கீழே ரிசீவர் (ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தைப் புரொஜெக்டருக்கும் அனுப்பும் கருவி), வட்டு பிளேயர், மகனின் வீடியோ கேம் பெட்டி. புரொஜெக்டர் திரையிலிருந்து 14 அடி தள்ளிக் கூரையில் தொங்கும். படத்தையும் ஒலியையும் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவரிலிருந்து அதுவரை போக வேண்டும். எலெக்ட்ரீஷியன், "15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக் கொடுங்கள், சுவரில் காடி என்னும் பள்ளம் எடுத்து அப்படியே வைத்துப் பூசிவிடுகிறேன். 20 மி.மீ. பைப்புக்குள் அதன் தலை நுழையாது" என்கிறார். இது சரியா? முன்சுவர் 9 அங்குலம், பக்கத்துப் படுக்கையறையைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலம்.

செம்புக்கம்பி:
தாராளமாகச் செய்யலாம். திருச்சியில் என் வீட்டில் 2014-இல் 10 மீட்டர் கேபிளை இப்படித்தான் காடியில் வைத்துப் பூசினோம். இன்றுவரை படம் நின்றதில்லை. நல்ல தடிமனான செம்புக் கேபிளாக வாங்குங்கள். ஒளியிழையில் படத்தை அனுப்பும் ஆப்டிகல் கேபிள் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அதன் இரண்டு தலைகளிலும் சில்லுகள் இருக்கின்றன; ஒரு முனையில் மின்குறிப்பை ஒளியாக மாற்ற வேண்டும், மறுமுனையில் ஒளியைத் திரும்ப மின்குறிப்பாக்க வேண்டும். அந்தச் சில்லு போனால் கேபிளே போயிற்று. செம்பில் கெட்டுப்போவதற்கு என்ன இருக்கிறது?

மின்பணி மதுரை:
அண்ணா, உங்கள் வீட்டில் ஓடுவது 1080பி படமா, அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படமா? அதைச் சொல்லாமல் "படம் நின்றதில்லை" என்றால் அவருக்குப் பயன்படாது.

2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 ஜிகாபிட் தரவு கடத்தியது. 2013-இல் 2.0 வந்தபோது அது 18 ஆனது. 2017-இல் 2.1, 48 ஜிகாபிட். 2025-இல் அறிவிக்கப்பட்ட 2.2-க்கு 96. செருகியின் வடிவம் மாறவேயில்லை, அதனால் பழைய கேபிளும் புதிய கருவியில் பொருந்திவிடுகிறது. வேகம் கூடக் கூட, செம்பு தாங்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. 48 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்ற சாதாரணச் செம்புக் கேபிளைச் சுமார் 5 மீட்டருக்கு மேல் பார்ப்பதே அரிது. 15 மீட்டரில் என்ன நடக்கும் என்று வாடிக்கையாளர் வீடுகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், இரண்டு மூன்று நொடி திரை கறுத்துத் திரும்பும், ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வரவே வராது. அப்போது சுவரை உடைக்க யார் வருவார்கள்? 50 மி.மீ. குழாய் பதித்து, அதற்குள் ஆப்டிகல் கேபிளை இழுத்துவிடுங்கள்.

செம்புக்கம்பி:
என்னுடையது 1080பி புரொஜெக்டர்தான், மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் அடுக்கிய எண்களைக் கண்டு அவர் பயப்பட வேண்டியதில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். 4கே எச்டிஆர் படமே ஆனாலும், 4:2:2 முறையில் (நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்து) அனுப்பினால் 9 ஜிகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 10.2-க்கான பழைய தரமே அதற்குப் போதும். 96 ஜிகாபிட் எந்த வீட்டுப் புரொஜெக்டருக்குத் தேவை?

மின்பணி மதுரை:
24 சட்டகப் படத்துக்கு உங்கள் கணக்கு சரி. ஆனால் அவர் மகனின் வீடியோ கேம் பெட்டி 60 சட்டகத்தில் 4கே எச்டிஆர் அனுப்பும். அங்கே 18 ஜிகாபிட் வேண்டும். 120 சட்டகம் என்றால் அதற்கும் மேல். இணையப் படங்களுக்கான பெட்டிகள் பலவும் முகப்புத் திரையையே 4கே 60-இல்தான் காட்டுகின்றன. படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே திரை கறுத்துப்போகும்.

வலைவழி:
இரண்டு பேரும் வேண்டாத சண்டை போடுகிறீர்கள். புரொஜெக்டர் பக்கத்திலேயே சிறிய ஸ்ட்ரீமிங் பெட்டியை வைத்துவிட்டால் ஒரு மீட்டர் எச்டிஎம்ஐ போதும். சுவருக்குள் இரண்டு கேட் 6 இணையக் கம்பி மட்டும் போடுங்கள். அவை 25 மி.மீ. பைப்பில் எளிதாகப் போகும். முனையில் தலை கட்டாமலே இழுத்து, பிறகு கட்டிக்கொள்ளலாம். நாளைக்கு எச்டிபேஸ்டி கருவி வாங்கினால் அதே கம்பியில் படத்தையும் அனுப்பலாம், 100 மீட்டர் வரை. கூரை முழுக்கக் குழாய் எதற்கு?

மின்பணி மதுரை:
ஒலி எங்கே போகும்? ரிசீவரும் ஸ்பீக்கர்களும் முன்சுவரில் இருக்கின்றன. பெட்டி பின்னால் இருந்தால், ஒலி புரொஜெக்டரிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகத் திரும்பி வர வேண்டும். பல புரொஜெக்டர்களில் அந்த வசதியே கிடையாது. இருந்தாலும் சாதாரண ஏஆர்சி பல ஸ்பீக்கர்களுக்கான ஒலியைத் தரம் குறைத்துச் சுருக்கிய வடிவில்தான் கடத்தும். வட்டில் இருக்கும் தரம் குறையாத ஒலி வேண்டுமென்றால் அதன் மேம்பட்ட பதிப்பான இ-ஏஆர்சி இருக்க வேண்டும். அதோடு ரிசீவருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே எச்டிஎம்ஐ கேபிள் மறுபடியும் வேண்டும். எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதுவே திரும்பி வருகிறது.

எச்டிபேஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதன் முந்தைய பதிப்புகள் 10.2 ஜிகாபிட் அளவில்தான் இருந்தன. 18 ஜிகாபிட்டைச் சுருக்காமல் கடத்துவது 3.0 பதிப்பு; அந்தக் கருவிகளின் விலையில் பல ஆப்டிகல் கேபிள்கள் வாங்கிவிடலாம். ஆனாலும் கேட் 6 போடச் சொன்னது நல்ல யோசனை. புரொஜெக்டருக்கு இணைய இணைப்பு எப்படியும் வேண்டும். வாங்கும்போது முழுச் செம்பா என்று பார்த்து வாங்குங்கள்; அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி கடைகளில் நிறைய இருக்கிறது.

வலைவழி:
ஒலி விஷயம் சரிதான். ஆனால் வட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் இன்று எத்தனை பேர்? இணையத்தில் வரும் அட்மாஸ் என்னும் சூழொலி ஏற்கெனவே தரம் குறைத்துச் சுருக்கப்பட்டதுதான். அதைச் சாதாரண ஏஆர்சியே கடத்திவிடும். பெரும்பாலானவர்களுக்கு என் வழியே போதும் என்பதில் நான் மாறவில்லை.

தளப் பொறியாளர்:
கேபிளைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நண்பரே, உங்கள் மேஸ்திரியிடம் இதைக் காட்டுங்கள்.

செங்கல் சுவரில் காடி எடுப்பதற்குக் கட்டுமானத்தில் நாங்கள் பின்பற்றும் அளவு இது: செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் 9 அங்குலச் சுவர் 230 மி.மீ. செங்குத்தாக 76 மி.மீ. வரை போகலாம், 50 மி.மீ. குழாய் தாராளமாக அமரும். அதே சுவரில் கிடைமட்டமாக 38 மி.மீ. மட்டுமே, எனவே 50 மி.மீ. குழாயைப் படுக்கவைத்துப் பதிக்க முடியாது. நாலரை அங்குலச் சுவரில் செங்குத்தாகவே 38 மி.மீ.தான், கிடைமட்டத்தில் 19. அந்தச் சுவரைத் தொடவே வேண்டாம்.

கூரைக் கான்கிரீட் போட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று. பலர் 50 மி.மீ. குழாயைத் தளத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். 5 அங்குலத் தளம் 125 மி.மீ.; அதற்குள் போகும் குழாயின் வெளிவிட்டம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 41 மி.மீ.யைத் தாண்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. திரைப்படம் பார்ப்பதற்காகத் தளத்தை பலவீனப்படுத்தச் சொல்லும் எவரையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே பாதை இப்படி: ரிசீவர் இருக்கும் இடத்திலிருந்து முன்சுவரில் நேராக மேலே ஒரே செங்குத்துக் காடி. கூரை உத்திரத்துக்குக் கீழேயே குழாயை வெளியே திருப்பி ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிடுங்கள். உத்திரத்தையோ தூணையோ கொத்தக் கூடாது. அங்கிருந்து புரொஜெக்டர் வரை தளத்தின் அடியில் கிளிப் போட்டு ஓட்டலாம். காடியைச் சுத்தியலால் அடித்துக் கொத்தாமல், கட்டர் இயந்திரத்தால் இரண்டு கோடு வெட்டி நடுவை எடுக்கச் சொல்லுங்கள். மூடும்போது மேலே கோழிவலை அடித்துப் பூசினால் விரிசல் விடாது.

செம்புக்கம்பி:
ஐயா, இவ்வளவுக்கும் காரணம் 50 மி.மீ. குழாய் என்ற பிடிவாதம்தானே? கேபிளை மட்டும் வைத்தால் ஓர் அங்குலக் காடி போதும். சுவருக்கும் சேதம் குறைவு. நீங்கள் சொன்ன அளவே என் பக்கம்தான் பேசுகிறது.

தளப் பொறியாளர்:
சுவருக்கு முதல் நாள் சேதம் குறைவுதான். ஆனால் கேபிளை மாற்ற வேண்டிய நாளில், பூசி வண்ணமடித்து முடித்த அறையில் அதே இடத்தை மறுபடி வெட்ட வேண்டும். திரைக்கும் ஒலிப் பலகைகளுக்கும் அந்தச் சுவரில்தான் துளை போடப் போகிறார். பூச்சுக்கு அடியில் வெறுங்கேபிள் ஓடினால் துளைக் கருவி நேராக அதன் மேலேயே இறங்கும்.

மின்பணி மதுரை:
ஆப்டிகல் கேபிளின் சில்லு கெடக்கூடும் என்று சொன்னீர்கள் அண்ணா. கெடக்கூடும்தான், நானும் மறுக்கவில்லை. அதனால்தான் குழாய் கேட்கிறேன். செம்போ ஆப்டிகலோ, எதைப் போட்டாலும் பத்தாண்டில் தரம் மாறிவிடுகிறது. குழாயில் இருந்தால் பழையதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம்.

புதுமனை கோவை:
எல்லாருக்கும் நன்றி. குழாய் என்று முடிவு செய்துவிட்டேன். எலெக்ட்ரீஷியனும் ஒப்புக்கொண்டார், ஆனால் 32 மி.மீ. போதாதா என்று கேட்கிறார். கேபிள் எவ்வளவு நீளம் வாங்குவது?

மின்பணி மதுரை:
எச்டிஎம்ஐ தலையின் அகலம் சுமார் 20 மி.மீ. நேர்க் குழாயில் 32-க்குள் போய்விடும். வளைவில் சிக்கும், இரண்டாவது கேபிளுக்கு இடமிருக்காது. 50 போடுங்கள். 90 டிகிரி எல்போ வேண்டவே வேண்டாம், நீள வளைவாக வாங்குங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்து, பூச்சுக்குத் தண்ணீர் அடிக்கும் நாட்களில் இரு வாய்களையும் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். 230 வோல்ட் கம்பிகள் இந்தக் குழாய்க்குள் வரவே கூடாது. அவற்றின் பைப் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். ஆப்டிகல் கேபிளில் படம் மட்டும்தான் ஒளியில் போகிறது. இ-ஏஆர்சி போன்ற மற்றக் குறிப்புகள் பெரும்பாலும் செம்பிலேயே போகின்றன.

நீளம்: சுவரில் ஏறுவது இரண்டரை மீட்டர், கூரையில் 14 அடி என்றால் நாலேகால், ஓரத்திலிருந்து நடுவுக்கு வர இரண்டு, இரு முனையிலும் கையிருப்பு மூன்று. 12 மீட்டர் சரியாக இருக்கும். இழுப்பதற்கு முன் தரையில் விரித்து, ரிசீவரையும் புரொஜெக்டரையும் மாட்டி, 4கே 60 எச்டிஆரில் ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஆப்டிகலுக்குத் திசை உண்டு. ஒரு முனை கருவிக்கு, மறுமுனை திரைக்கு. மாற்றி இழுத்தால் படம் வராது. இழுக்கும்போது தலையில் கயிறு கட்டாமல், கேபிளின் உடலில் கட்டுங்கள்.

செம்புக்கம்பி:
குழாய் போடுவதால் எனக்கொன்றும் நட்டமில்லை, போடட்டும். ஆனால் அந்தக் குழாய்க்குள் 12 மீட்டர் செம்பும் ஒன்று கிடக்கட்டும் தம்பி. 1080பி-யாவது அதில் நிச்சயம் ஓடும். ஆப்டிகல் போகிற இரவில் வீட்டில் உறவினர் நிறைந்திருந்தால் அப்போது தெரியும்.

மின்பணி மதுரை:
அதற்கு இடமிருக்கிறது, போடலாம். ஆனால் அந்தப் பணத்தைக் கேட் 6-இல் போடுவதே மேல் என்பேன்.

தளப் பொறியாளர்:
பூசுவதற்கு முன் காடியின் பக்கத்தில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறையின் மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது படத்தில் தெரிய வேண்டும். திரை மாட்ட வருபவரிடம் அதைக் காட்டிய பிறகே துளை போடச் சொல்லுங்கள்.