கச்சான் காற்றில் பாய்மரத்தின்ர பக்கக் கம்பி தொய்யுது: டர்ன்பக்கிள் மாற்றவேணுமா?

கேள்வி:
14 அடி பைபர் பாய்ப்படகு. அலுமினியப் பாய்மரம், இரண்டு பக்கக் கம்பி, ஒரு முன்கம்பி. கொட்டியாரக் குடாவில் கச்சான் (தென்மேல் காற்று) பலமாக அடிச்சால் காற்றுக்கு மறுபக்கத்துக் கம்பி தொய்ஞ்சு மரத்தில அடிபடுது. கம்பி போன வருசம் மாற்றினது: 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ், அந்தங்கள் யூ-கிளிப்பால பூட்டினது. டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கிற திருகு) முழுக்க முறுக்கியாச்சு. வலப்பக்கத்தது இப்ப இறுகிப்போய் அசையுதில்லை. 5 மி.மீ. டர்ன்பக்கிளுக்குப் பதிலா 8 மி.மீ. போடவா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. 8 மி.மீ. பின், படகின்ர கம்பித்தகட்டு (கம்பியைப் படகோட பூட்டுற தகடு) ஓட்டைக்குள்ள போகாது. ஓட்டையைப் பெருப்பிச்சால் தகடு பலமிழக்கும். பிழை கம்பியில எண்டுதான் நினைக்கிறன். வெட்டுமுகத்தைப் பாருங்கோ. ஏழு சின்னப் புரி தெரிஞ்சு, கம்பியும் விரலில சுத்துற மாதிரி மெதுவா இருந்தால் அது 7×19, அதாவது ஏழு புரி, புரிக்கு 19 இழை. பாய் ஏத்துறதுக்கு, கப்பியில வளையச் செய்தது. பாரம் விழுந்தால் நீளும். மரத்தைப் பிடிக்க 1×19 (19 இழை ஒரே புரியா முறுக்கினது) வேணும், ஸ்டெயின்லெஸ் தரம் 316. அது விறைப்பா நிற்கும். கடையில "3 மி.மீ. கம்பி" எண்டு மட்டும் கேட்காதேங்கோ. 1×19 அந்தத்துக்கு யூ-கிளிப் சரிவராது. மெஷினால அழுத்திப் பூட்டுவியுங்கோ.

பதில் 2:
இறுகினது துருவால இல்லை. ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரையில பாரத்தோட உரசினால் ஒண்டோடொண்டு பிடிச்சிடும். பலவந்தமாத் திருப்பினால் இன்னும் மோசம். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கால் சுற்று அசைச்சுப் பாருங்கோ. வராட்டில் வெட்டி எறியுங்கோ. புதுசுக்கு வெண்கல உடல், ஸ்டெயின்லெஸ் திருகு. உடல் திறந்ததா இருக்கட்டும், உள்ளே எவ்வளவு மரை பிடிச்சிருக்கெண்டு கண்ணால தெரியும். லனோலின் கிறீஸ் பூசுங்கோ. கீழே டொகிள் (எல்லாப் பக்கமும் ஆட விடுற இணைப்பு) கட்டாயம். இல்லாட்டில் கம்பி ஆட ஆடத் திருகு வளைஞ்சு மரையடியில முறியும். கொளுக்கி முனை உள்ளது வேண்டவே வேண்டாம், பாரத்தில விரியும்.

கேட்டவர்:
பாத்தன் அண்ணை, ஏழு புரிதான். புதுசு போட்டால் மரம் நேரெண்டு எப்படிப் பாக்கிறது?

பதில் 1:
அளவு நாடாவைப் பாய்க்கயிற்றில கட்டி உச்சிக்கு ஏத்துங்கோ. இரண்டு கம்பித்தகட்டுக்கும் அளந்து, வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ள வரும்வரை திருத்துங்கோ. பிறகு இரண்டு பக்கமும் அரை அரைச் சுற்றா இறுக்குங்கோ. காற்றில மறுபக்கக் கம்பி கொஞ்சம் தளரும், அது பிழையில்லை. மரத்தில அடிபடக்கூடாது, அவ்வளவுதான். அப்பவும் இறுகாட்டில் மரத்தின்ர அடிக்கட்டை அமிழ்ந்திருக்கோ எண்டு பாருங்கோ. கடைசியா டர்ன்பக்கிள் தானாக் கழராமல் கொட்டர் பின் (இரண்டு கால் உள்ள பூட்டுப் பின்) போட்டு, பின்னின்ர காலைக் கொஞ்சமா விரிச்சு ரேப் சுத்துங்கோ. பாய் கிழியாது.