ஐஸ் கம்பெனி குடும்பம்: ஆவுளியா பஸ்

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். பொறுமையாகப் படிக்கவும். நேற்றுப் பள்ளித் தலைமையாசிரியை கம்பெனிக்கு வந்தார். ஜூலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை மனோரா கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். பஸ்ஸும் மதியச் சாப்பாடும் கடைத்தெருக்காரர்கள் ஏற்க வேண்டுமாம். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம். நாட்டிலேயே முதலாவது. நம் வாசலிலேயே இருக்கிறது. ஆகவே

பாலு மாமா: எவ்வளவு?

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

சின்ன அத்தை: அண்ணன் வந்து சேர்வதற்குள் பஸ் போய்த் திரும்பிவிடும்.

குமார் அண்ணன்: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகே போகவில்லை. இந்த மாதக் கரண்ட் பில்லைக் கைக்காசில்தான் கட்டியிருக்கிறேன்.

சித்ரா: கொடுத்துவிடுங்கள் பெரியப்பா. வலையை உதறும்போது பச்சை நாடா மாதிரி விழுகிறதே, காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறோமே, அந்தக் கடற்புல்தான் ஆவுளியாவுக்குச் சோறு. நாளொன்றுக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் தின்னும். மூச்சுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும், வலையில் சிக்கினால் மூழ்கிச் செத்துவிடும். குட்டியும் சில வருடங்களுக்கு ஒன்றுதான்.

பாலு மாமா: மாமனார் அதைப் பங்கு போட்டுத் தெருவுக்கே கறி கொடுத்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வீர்களா?

சின்ன அத்தை: இதையெல்லாம் குழுவில் எழுதுவார்களா? அழியுங்கள்.

பாலு மாமா: அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால்.

சித்தி: நாற்பது பேருக்குப் புளிசாதம் நான் செய்துதருகிறேன். என் பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது?

குமார் அண்ணன்: அண்டா இருக்கட்டும். நம்மிடம் ஐஸ் வாங்குவது யார்? கடலடியோடு வலையை இழுத்துப் போகிற இழுவைமடிக்காரர்கள். இழுவைமடி கடற்புல்லைப் பெயர்க்கிறது என்று பேனரில் எழுதி அடியில் நம் பெயரையும் போட்டால், மறுநாள் யார் வருவார்கள்?

சித்ரா: பெயர்க்கிறதுதானே.

குமார் அண்ணன்: உன் கல்லூரிக் கட்டணமும் அந்த ஐஸில் வந்ததுதான்.

சித்ரா: தெரியும்.

பெரியப்பா: சண்டை வேண்டாம். வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது. அவர்களில் ஒருவரையே பிள்ளைகளிடம் பேசவைக்கலாம். படகுக்காரர் பேசினால் படகுக்காரருக்கு ஏன் கோபம் வரப்போகிறது?

குமார் அண்ணன்: பேசட்டும். பேனர் வேண்டாம்.

சின்ன அத்தை: பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது. கஜா புயலுக்குக் கொடுத்த தார்ப்பாயில் யார் பெயர் இருந்தது?

பெரியப்பா: 2018 கதை இப்போது எதற்கு?

சின்ன அத்தை: பாதிப் பணம் இவருடையது. அதற்கு.

பாலு மாமா: விடு.

சின்ன அத்தை: எட்டு மாதம் புலம்பியது யாராம்?

சித்தி: அண்டா?

பெரியப்பா: ஆக, பஸ் வாடகை நம்முடையது. சாப்பாட்டுக்கு அரிசிக்கடைக்காரரைக் கேட்கிறேன். பெயர் போடுவதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை

குமார் அண்ணன்: வாடகை நம்முடையது என்று எப்போது முடிவானது?

பெரியப்பா: நேற்றே சரி என்று சொல்லிவிட்டேன்.

பாலு மாமா: அப்புறம் எங்களை எதற்குக் கேட்டீர்கள் மச்சான்?

சித்தி: பொங்கலுக்கு வாங்கிப்போன அண்டாவைத்தான் கேட்கிறேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குமார் அண்ணன்: கம்பெனியில் இருக்கிறது சித்தி. ஐஸ் உடைத்துப் போடுகிறோம். இதோ படம்.

சித்தி: விளிம்பு ஏன் நசுங்கியிருக்கிறது?